பனிமலைக்குப் புதிதாகப் போகிறீர்களா? முதலில் சாய்வை அளக்கப் பழகுங்கள்

பனிச்சரிவைப் பற்றிக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் பனியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை அடுக்கு இருக்கிறது, எந்த அடுக்கு வழுக்கும், குழி தோண்டிப் பார்ப்பது எப்படி, இதெல்லாம். தெரிந்துகொள்ள வேண்டியதுதான், கீழே சொல்லவும் போகிறேன். ஆனால் பனியைக் கணிக்கப் பழக வருடக்கணக்கில் ஆகும், நன்றாகப் பழகியவர்களும் அதில் ஏமாந்திருக்கிறார்கள். சாய்வை அளக்கப் பழக ஒரு மத்தியானம் போதும். அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பனி எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், சரிந்தாலும் உங்களைத் தொட முடியாத வழியாகப் பார்த்துப் போங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் பேசுவது ஆள் வைத்துக் கண்காணிக்காத மலைகளைப் பற்றி. ஸ்கீ (பனிச்சறுக்கு) விடுதிகளின் எல்லைக்குள் பணியாளர்கள் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிடுவார்கள், ஆபத்தான பகுதியைக் கயிறு கட்டி மூடுவார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டினால் இது எதுவும் கிடையாது. ஸ்கீ போட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்றும் நினைக்க வேண்டாம். பனியில் கால் புதையாமலிருக்க ஸ்னோஷூ என்ற அகலச் சட்டத்தை மாட்டி நடக்கிறவர், வெறும் பூட்ஸோடு கணவாய் கடக்கிறவர், எல்லோருக்கும் ஒரே கணக்கு. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினம் அருகே கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே போய் இமயமலையில் மோதி, நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனியைக் கொட்டியது. தோரோங் கணவாயிலும் அதைச் சுற்றியும் பனிச்சரிவிலும் குளிரிலும் மாட்டி 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நடைப்பயணத்துக்கு நல்ல பருவம் என்று உலகமே அங்கே போகிற மாதம் அது.

எந்தச் சரிவில் பனி பெயரும்

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளமாகப் பெயர்கிற பனி. மேலே காற்றாலோ புதுப்பனியாலோ சேர்ந்து இறுகிய ஒரு அடுக்கு, அதன் கீழே பிடிப்பே இல்லாத மெல்லிய அடுக்கு ஒன்று, அதற்கும் கீழே வழுக்குவதற்கு ஒரு தளம். இவ்வளவும் இருந்து போதிய சாய்வும் இருந்தால் ஒரு ஆளின் எடையே போதும். நடுவில் இருக்கும் அந்த மெல்லிய அடுக்கு நொறுங்கும், அந்த முறிவு நொடியில் சரிவின் குறுக்கே ஓடும், உங்களுக்கு மேலேயும் இரண்டு பக்கமும் இருக்கிற பனி மொத்தமும் கழன்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிற வேகத்தில் வரும் பனியை ஓடியோ சறுக்கியோ முந்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சத்தம் போட்டால் பனி சரியும் என்பது வெறும் கதை. பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களேதான், இல்லையென்றால் அவர்கள் கூட வந்த ஒருவர். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் இதில் ஒரு தெம்பு இருக்கிறது, முடிவு பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

பாளமாகப் பெயர்கிற பனிச்சரிவுகளில் பெரும்பங்கு 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் நடக்கிறது, அதிலும் 38-ஐ ஒட்டித்தான் மிக அதிகம். 25-க்குக் கீழே அபூர்வம். 55-ஐத் தாண்டிய செங்குத்தில் பனி பெரிதாகத் தங்குவதில்லை, விழ விழவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், ஸ்கீயில் இறங்கச் சுகமாக இருக்கும் சாய்வும் இதே 30-லிருந்து 40-தான். கண்ணுக்கு அழகாக, ஒரு தடமும் இல்லாமல், மரமில்லாமல் விரிந்து கிடக்கும் சரிவைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே ஏன் மரம் முளைக்கவில்லை என்பதுதான். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழாக மரமில்லாத பட்டை ஓடினாலோ, ஓரத்து மரங்களில் மலைப்பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தாலோ, அங்கே அடிக்கடி பனி வந்து போகிறது என்று அர்த்தம். மரம் இருந்தாலே பாதுகாப்பு என்றும் இல்லை. ஸ்கீயில் தாராளமாகப் புகுந்து போக இடைவெளி இருக்கிற காடு பனியையும் தாராளமாக விட்டுவிடும்.

இதில் புதியவர்கள் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் நிற்கிற இடம் சமதளமாக இருக்கலாம், தலைக்கு மேலே என்ன இருக்கிறது? 2003 பிப்ரவரி 1 அன்று கனடாவில் ரோஜர்ஸ் கணவாய் அருகே கானாட் க்ரீக் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக் குழு ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் செங்குத்தில் ஏறவில்லை, பள்ளத்தாக்கின் அடியில்தான் போனார்கள். மேலே இருந்த சியோப்ஸ் மலையிலிருந்து பனி தானாகவே பெயர்ந்து அடிவாரம் வரை வந்து 7 மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் பாதைகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று பனிச்சரிவு நோக்கில் தரம் பிரித்துப் போட ஆரம்பித்தது. அந்தத் தரவரிசை பனியைப் பற்றிப் பேசவே பேசாது, நிலத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். புதியவர்களுக்கு அது ரொம்பவே சரியான தொடக்கம். எளியது என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு

வரைபடத்தை விரியுங்கள். 1:25,000 அளவில், 20 மீட்டருக்கு ஒன்றாக உயரக்கோடு போட்ட வரைபடம் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 1.4 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கிற இடமெல்லாம் 30 டிகிரிக்கு மேல். இப்போது சாய்வுக்கு நிறம் பூசிக் காட்டும் வரைபடச் செயலிகள் பல வந்துவிட்டன, 30-ஐத் தாண்டினால் மஞ்சளோ ஆரஞ்சோ காட்டும். உங்கள் வழியை அதில் வரைந்து, நிறம் விழுந்த எல்லா இடத்தையும், அந்த நிறத்துக்கு நேர் கீழே நீங்கள் கடக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செயலியை அப்படியே நம்பவும் கூடாது. பத்துப் பதினைந்து மீட்டர் உயரமுள்ள சின்ன மேடு அதன் சராசரியில் கரைந்துபோகும், ஆளைப் புதைக்க அந்த மேடே போதும்.

அதனால் மலையிலும் அளக்க வேண்டும். சாய்மானி வாங்கலாம், போனிலும் உண்டு. எதுவும் இல்லையென்றால் ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுதடிகள் போதும். ஒன்றின் நுனியைச் சரிவில் வைத்துக் கிடைமட்டமாக வெளியே நீட்டிப் பிடியுங்கள், அதன் மறுமுனையிலிருந்து இன்னொன்றை நேராகக் கீழே தொங்கவிடுங்கள். தொங்குகிற தடியில் பாதி நீளத்திலேயே பனி வந்துவிட்டால் சுமார் 27 டிகிரி. பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனாலே 30. முழு நீளமும் போனால் 45. முதல் சில நாட்கள் பாதுகாப்பான சின்ன மேடுகளில் கண்ணால் ஊகித்துவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள், கண் எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்று தெரியும்.

வழி முடிவானதும் முன்னறிவிப்பு. ஆல்ப்ஸ் நாடுகள், கனடா, அமெரிக்காவின் மலை மாநிலங்கள் பலவற்றிலும் பனிக்காலத்தில் பெரும்பாலும் தினமும் வெளியிடுகிறார்கள். இந்திய இமயமலைக்குச் சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணில் சொல்வார்கள். இங்கே ஒன்றை மனதில் நன்றாகப் பதிய வையுங்கள்: 3 என்பது நடு எண்தான், நடுத்தர ஆபத்து கிடையாது. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பல மடங்கு. 3 என்றால் பனி தானாகவே சரிய வாய்ப்புண்டு, ஆள் போனால் சரிவதற்கு நல்ல வாய்ப்பு. 4-லும் 5-லும் ஜனங்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், 3-ல் கிளம்பிப் போகிறார்கள், ஆகவே சாவுகள் அதிகம் நடப்பது 3-ல்தான்.

சுவிட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990-களில் இதற்கு ஒரு எளிய கணக்குக் கொடுத்தார்: 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே, 3 என்றால் 35-க்குக் கீழே, 4 என்றால் 30-க்குக் கீழே. எங்கே அளப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. 2-ல் உங்கள் தடத்தைச் சுற்றி அளந்தால் போதும், 3-ல் அந்தச் சரிவு முழுவதும் அளக்க வேண்டும், 4-ல் பனி வந்து சேரும் அடிவாரம் வரை கணக்கில் வரும். அனுபவமுள்ளவர்கள் வைத்துக்கொள்ளும் எல்லை இது. முதல் ஒன்றிரண்டு பருவத்துக்கு நீங்கள் எண் எதுவானாலும் 30-க்குக் கீழேயே இருங்கள், 4 என்றால் கிளம்பவே வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாத மலை என்றாலும் 30-க்குக் கீழேதான், அதுவும் மேலே பெரிய சரிவு தொங்காத இடமாக.

எண்ணைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். கீழே எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிய சரிவில், என்ன வகைச் சிக்கல் என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் வேலைக்கு ஆவது அந்தப் பகுதிதான்.

பனி என்ன செய்கிறது

புதுப்பனி எளிதாகப் புரியும். ஒரு நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தால் கவனம். பழைய பனிமேல் அது ஒட்டுவதற்கு நேரம் வேண்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஓரளவு அமரும். புயல் ஓய்ந்து வானம் நீலமாகத் தெளிகிற முதல் நாள்தான் ஜனங்கள் குவிகிற நாளும்.

காற்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு துளிப் பனி விழாத நாளில்கூட, முகட்டுக்கு ஒரு பக்கம் கிடக்கிற பனியைக் காற்று அள்ளி மறுபக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும், அதுவும் வானத்திலிருந்து விழுவதைப் போலப் பத்து மடங்கு வேகம் வரைக்கும். காற்றடிக்கும் பக்கம் பாறை தெரிய வழித்துவிட்டிருக்கும், மறைவுப் பக்கம் வழவழப்பாக, தலையணை மாதிரி உப்பி, கால் வைத்தால் உள்ளே டொக்கென்று வெற்றொலி கேட்கிற பாளம் உட்கார்ந்திருக்கும். முகட்டில் கார்னிஸ் என்று சொல்லும் பனி விளிம்பு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பனி ஏறியிருக்கிறது. அந்த விளிம்பின்மேல் நிற்கவே கூடாது, அது உடையும்போது நீங்கள் நினைக்கிற இடத்துக்கு ரொம்பப் பின்னால், பாறைக்கு மேலேயே உடையும்.

மூன்றாவதுதான் மிகவும் பொல்லாதது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பனி குறைவாக இருக்கும் வருடத்தில் ஆபத்தும் குறைவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும், மேலே காற்று உறைந்துபோயிருக்கும். பனியின் ஆழம் வெறும் 50 செ.மீ., மேற்பரப்பு மைனஸ் 15 என்று வையுங்கள், பத்து செ.மீ.க்கு 3 டிகிரி வித்தியாசம். பத்து செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, பனித்துகள்களைத் தின்று, அவற்றைத் தட்டை முகம் கொண்ட மணிகளாக மாற்றிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாத அந்த மணிகளுக்குச் சர்க்கரைப் பனி என்றே பெயர். இதே 50 செ.மீ.க்குப் பதில் இரண்டு மீட்டர் பனி இருந்தால் வித்தியாசம் பரந்துபோய் இது நடக்காது. மழை மேகம் அடிக்கடி வந்து மோதும் கடலோர மலைகளில் பனி கனமாக விழுந்து சீக்கிரம் இறுகுவதும், உள்நாட்டுக் குளிர் மலைகளில் பருவத் தொடக்கத்தின் மெல்லிய பனி மாதக்கணக்கில் அடியில் கெட்டுக் கிடப்பதும் இதனால்தான். அது மேலே எத்தனை புயல் வந்தாலும் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அமைதியாக இருக்கும், பிறகு ஒரு நாள் மொத்தமாக விடும். நேற்று பத்துப் பேர் இறங்கிய சரிவு இன்று பதினோராவது ஆளுக்கு விடலாம், பாறை துருத்திக்கொண்டு பனி மெலிந்த இடமாகப் பார்த்து அவர் கால் வைத்திருப்பார்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு, மேற்பரப்பு உறைபனி. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் பனியின்மேல் இறகு இறகாகப் படிகம் முளைக்கும், காலை வெயிலில் மின்னும், ஸ்கீயால் கீறினால் கலகலவென்று ஒலிக்கும். மேலே கிடக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. அடுத்த பனி அதை மூடிய பிறகுதான் வினை, வாரக்கணக்கில்.

இதை நேரில் பார்த்துவிடுவது நல்லது. சாய்வு குறைந்த, மேலே எதுவும் தொங்காத இடத்தில் இடுப்பளவு குழி தோண்டுங்கள். மலைப்பக்கச் சுவரை ஷவலால், அதாவது பனி அள்ளும் மண்வாரியால், செங்குத்தாகச் சீவுங்கள். கையுறை விரலை மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். முதலில் பஞ்சாகப் போகும், அப்புறம் இறுகும், விரல் போகாத பொருக்கு ஒன்று தட்டுப்படும், அதற்குக் கீழே சட்டென்று விரல் உள்ளே விழும். அங்கிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்து குழியின் அடியில் குவியும். அதை உள்ளங்கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், பிடிபடாது, விரலிடுக்கில் ஒழுகும். உங்களுக்கு மேலே இருக்கும் சரிவு முழுவதும் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதையே சோதனையாகவும் செய்வார்கள். 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. உட்புறம் என்று ஒரு பனித்தூணை வெட்டித் தனியாக்கி, ஒரு ஓரத்தில் ஷவலின் தட்டை வைத்து, அதன்மேல் கையால் தட்டுவார்கள்: மணிக்கட்டிலிருந்து பத்து முறை, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முறிவு தூணின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பாய்ச்சலில் ஓடினால் அந்தப் பனியில் முறிவு பரவக்கூடும். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இருபது மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம். அதனால் சோதனை போகாதே என்றால் கேளுங்கள், போ என்றால் அதை மட்டும் வைத்துப் போகாதீர்கள்.

ஈரப்பனி இவற்றோடு ஒப்பிட்டால் நேர்மையானது, முன்கூட்டியே சொல்லிவிடும். இரவில் நன்றாக உறைந்து காலையில் பொருக்கு உங்களைத் தாங்கினால் நடக்கலாம். வெயில் ஏற ஏறச் சரிவில் பனியுருண்டைகள் தானாக உருள ஆரம்பித்து, கால் பூட்ஸ் உயரத்துக்குப் புதைந்தால் நேரம் முடிந்தது, இறங்கிவிட வேண்டும். இரவில் மேகம் மூடி உறையவே இல்லையென்றால் அன்று அந்தச் சரிவுக்குப் போக வேண்டாம். பூமியின் வடபாதியில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, அப்புறம் மேற்கு. வடக்கு நோக்கிய நிழல் சரிவில் இளக்கம் தாமதம், ஆனால் மேலே சொன்ன சர்க்கரைப் பனி அதிகநாள் உயிரோடு இருப்பதும் அங்கேதான். தென்பாதியில் வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மலை நேரடியாகச் சொல்லும்போது

சில அறிகுறிகள் இருக்கின்றன, இவற்றுக்கு விளக்கமோ விவாதமோ தேவையில்லை. சுற்றிலும் அதே திசை நோக்கிய சரிவில் புதிதாகப் பனி சரிந்திருப்பது. காலடியில் தொம்மென்று அமுங்கும் ஓசை, சில நேரம் சுற்றியுள்ள பனி முழுவதும் ஒரு விரற்கடை இறங்குவதும் தெரியும். ஸ்கீயின் நுனியிலிருந்து விரிசல் முன்னால் பாய்வது. இதில் ஏதாவது ஒன்று நடந்தால் பலவீனமான அடுக்கு உங்கள் காலுக்குக் கீழேயே முறிந்துவிட்டது, சாய்வு போதாததால் மட்டுமே சரியவில்லை. உடனே திரும்பி, வந்த தடத்திலேயே, சாய்வு குறைந்த பக்கமாகப் போங்கள். அந்த மாதிரி நாளில் சமதளத்தில் நடந்துகொண்டே மேலே இருக்கும் சரிவைக் கிளப்பிவிட முடியும், முறிவு அவ்வளவு தூரம் ஓடும்.

சரிந்தால் எங்கே போய் விழுவோம் என்றும் பாருங்கள். கீழே ஓடைப்பள்ளமோ குழிவோ இருந்தால் சின்னச் சரிவிலேயே பனி ஆழமாகக் குவிந்து மூடிவிடும், மரமோ பாறையோ இருந்தால் மோதியே உயிர் போகும். பனிச்சரிவில் இறப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவர் மூச்சு முட்டி இறப்பதில்லை, அடிபட்டு இறக்கிறார். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவி இருந்தாலும் அங்கே பயனில்லை.

முதுகில் என்ன, கூட யார்

ஆளுக்கு மூன்று பொருள். ஒன்றுமே குறையக் கூடாது, இருவர் சேர்ந்து ஒன்று என்பதும் கிடையாது. பீக்கன், ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும், எந்தக் கம்பெனியுடையதானாலும் இந்த அலைவரிசை ஒன்றே, ஆகவே ஒன்றையொன்று கேட்கும். மூன்று ஆன்டெனா கொண்ட டிஜிட்டல் பீக்கன் வாங்குங்கள். அதை உடம்போடு வார்ப்பட்டையில் மாட்டுங்கள், பையில் போடக் கூடாது, பை பிய்ந்துபோகும். போனும் வேறு மின்சாதனங்களும் அனுப்பும் நிலையில் குறைந்தது 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் இருக்கட்டும். ப்ரோப் 240 செ.மீ.க்குக் குறையாமல். ஷவல் உலோகத்தில்தான், பிளாஸ்டிக் தட்டு இறுகிய பனியில் உடையும். இழுத்ததும் உப்பும் காற்றுப்பை வைத்த முதுகுப்பை உதவும், பனி ஓடும்போது பெரிய பொருள் மேலே வந்து மிதக்கும் என்பதுதான் அதன் தத்துவம். ஆனால் மரத்தில் மோதுவதை அது தடுக்காது, வாங்கியவுடனே ஒரு படி கூடுதலாகத் துணியச் சொல்லும், அந்தப் பேச்சுக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள்.

தனியாகப் போனால் இந்த மூன்றும் வெறும் சுமை. மூன்று நான்கு பேர் சரியான கூட்டம். கிளம்பும் இடத்தில் ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போய் எல்லோருடைய பீக்கனும் அனுப்புகிறதா என்று பாருங்கள், பிறகு அவருடையதையும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடங்கள், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். தடிகளின் வார்களை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தடி உங்களைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

அப்புறம் மனிதர்கள். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கணவாய் அருகே டனல் க்ரீக்கில் இறங்கிய கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கைதேர்ந்த ஸ்கீக்காரர்கள், இடமும் பலருக்குப் பழக்கம். மூன்று பேர் இறந்தார்கள். அறிவு இல்லாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பழகிய இடம், பெரிய கூட்டம், கூட்டத்தில் இத்தனை திறமைசாலிகள் இருக்கும்போது நான் என்ன சொல்வது என்ற தயக்கம், இவை சேர்ந்தால் எவருக்கும் வாய் வராது. இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எதைக் கண்டால் திரும்புவது என்று எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்வதுதான். கூட்டத்தில் புதியவர் ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரோடு போகாதீர்கள். முன்னால் போனவரின் தடம் இருக்கிறது என்பது எதற்கும் சான்று இல்லை.

நடந்துவிட்டால்

சிக்கியவர் நீங்கள் என்றால்: கத்துங்கள், பாளத்திலிருந்து பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள், மேலே இருக்கப் போராடுங்கள். பனி வேகம் குறையும்போது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வாய்க்கு முன் கொஞ்சம் இடம் பண்ணுங்கள். நின்றபின் பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே நிற்பவர் நீங்கள் என்றால்: முழுதாகப் புதைந்தவர் முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே வந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு அது மளமளவென்று சரிந்து, அரைமணி தாண்டும்போது மூன்றில் ஒருவர்கூடப் பிழைப்பது கஷ்டம். மீட்புப் படை அதற்குள் வராது. காப்பாற்றப் போவது நீங்கள்தான். மேலே இன்னொரு பாளம் வரக் காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தை மனதில் பதியுங்கள், அதற்குக் கீழேதான் இருப்பார். எல்லோருடைய பீக்கனையும் தேடும் நிலைக்கு மாற்றுங்கள், ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தாலும் தேடுபவர் அதையே கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். ஆள் இருந்தால் ஒருவர் உதவிக்கு அழைக்கட்டும், நீங்கள் ஒருவர்தான் என்றால் தேடுவதுதான் முதல் வேலை.

பனிமேல் கையோ கையுறையோ ஸ்கீயோ தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கீழே வாருங்கள். சமிக்ஞை கிடைத்ததும் அம்புக்குறி காட்டும் வழியில் போங்கள், பீக்கன் காட்டும் தூரம் 3 மீட்டருக்கு வரும்வரை வேகம், அதற்குப் பிறகு நிதானம். பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்னும் பின்னும், இடமும் வலமும் சிலுவையாக நகர்த்தி மிகச் சிறிய எண் எங்கே வருகிறது என்று பிடியுங்கள். இந்தக் கட்டத்தில் கை நடுங்கி அங்கேயும் இங்கேயும் ஆட்டுகிறவர்கள்தான் நேரத்தை இழக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாக ப்ரோப்பை இறக்குங்கள். தரையில் பட்டால் கெட்டியாக நிற்கும், ஆள்மேல் பட்டால் மெத்தென்று கொஞ்சம் துள்ளும். பட்டதும் ப்ரோப்பை உருவாமல் அப்படியே விடுங்கள்.

தோண்டுவதுதான் அதிக நேரம் எடுக்கும், இதைப் பலர் பழகுவதே இல்லை. ப்ரோப்பின் தலைக்கு மேலேயே நின்று நேராகக் கீழே தோண்டாதீர்கள், புதைந்தவரின் மூச்சுவெளியை மிதித்து நசுக்கிவிடுவீர்கள். சரிவின் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிப் போங்கள். பனியை வெட்டிக் கட்டியாக்கிப் பின்னால் தள்ளுங்கள், தூக்கி எறிய வேண்டாம். முன்னால் இருப்பவர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் இருக்கும் பனியை எடுத்துவிட்டு நெஞ்சின்மேல் இருக்கும் கனத்தை அகற்றுங்கள். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சழுத்தமும் தொடங்குங்கள். அசைக்கும்போது மெதுவாக, முதுகுத்தண்டில் அடி இருக்கலாம், குளிர்ந்துபோன இதயம் சின்ன உலுக்கலுக்கே நின்றுபோகலாம். நீண்ட நேரம் குளிரில் கிடந்து உயிர் மீண்டவர்கள் உண்டு, ஆகவே முடிந்துவிட்டது என்ற முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

படித்து இது வராது. உங்கள் பகுதியிலோ போகும் மலையிலோ நடக்கும் அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சியில் சேருங்கள், வழக்கமாக இரண்டு மூன்று நாள்தான். பருவம் தொடங்கும்போது பீக்கனில் புது பேட்டரி போடுங்கள், பீக்கன் தயாரித்தவர் சொல்லும் வகை மட்டும், பெரும்பாலும் ஆல்கலைன். பருவம் முடிந்ததும் கழற்றி வையுங்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும். நண்பர்களோடு ஒரு பாதுகாப்பான பனித்திடலில், ஓடிக்கொண்டிருக்கும் பீக்கன் ஒன்றை டப்பாவில் வைத்துப் பைக்குள் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டு, கடிகாரத்தை வைத்துத் தேடுங்கள், தோண்டி எடுப்பதுவரை. பத்து நிமிடத்துக்குள் கையில் வரும்வரை விடாதீர்கள், உங்களோடு வருகிற ஒவ்வொருவரும் அதைச் செய்துகாட்டிய பிறகு மலைக்கு நாள் குறியுங்கள்.